மினியேச்சர் பின்ஷர் வளர்ப்பு: நான்கு கிலோ நாய்க்கு வேண்டியவை

தோள் வரை 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், 4 முதல் 6 கிலோ எடை, உடலோடு ஒட்டிப் பளபளக்கும் குட்டை முடி, எப்போதும் நிமிர்ந்த கழுத்து. மினியேச்சர் பின்ஷரை, வளர்ப்பவர்கள் செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் மின்பின்னை, முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு அது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே பிறந்த நாய் போலத் தோன்றும். அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாம், அதிகம் சாப்பிடாது, முடி கொட்டாது, வெளியே நடத்திக்கொண்டு போகத் தேவையில்லை என்று விற்பவரும் சொல்லி அனுப்புவார். இவற்றில் முதல் இரண்டும் உண்மை. முடி கொட்டும், குட்டையான அந்த முடி ஊசி போலச் சோபாத் துணியில் குத்திக்கொண்டு நிற்பதால், நீள முடி நாயின் முடியைவிட எடுப்பது கடினம். நடை தேவையில்லை என்பதோ, இந்த இனத்தைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களிலேயே அதிகக் கேடு செய்வது.

இது வேலைக்காக உருவான நாய். ஜெர்மனியின் பண்ணைகளிலும் குதிரை லாயங்களிலும் எலி பிடித்த பின்ஷர் நாய்களிலிருந்து வந்தது. அங்கே இதன் பெயர் ட்ஸ்வெர்க்பின்ஷர், அதாவது குள்ளப் பின்ஷர். 1895இல் அந்நாட்டில் பின்ஷர் இனங்களுக்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. டாபர்மேனைச் சுருக்கி உண்டாக்கிய நாய் என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். டாபர்மேன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவானது. குள்ளப் பின்ஷர் அதற்கு முந்தியது. நிறம் ஒத்திருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்பின் ஏன் ஓயாமல் மோப்பம் பிடிக்கிறது, ஏன் சிறு சத்தத்துக்கும் பாய்கிறது, ஏன் கட்டில் அடியில் கிடக்கும் செருப்பைக் கவ்வி உதறுகிறது என்பதற்கெல்லாம் விடை அந்த லாயத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மிளகு என்ற பெயரில் கறுப்பும் செம்பழுப்புமான ஒரு மின்பின் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. கீழே எழுதுபவற்றில் பாதி, மருத்துவர்கள் சொல்லிக் கற்றது. மீதி, நாங்கள் தவறு செய்து கற்றது.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்க வேண்டாம். தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் இருக்கும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. தாயை நேரில் காட்ட மறுக்கும் இடத்தைவிட்டு வந்துவிடுவதே நல்லது. 'டீகப்', 'பாக்கெட்' என்ற அடைமொழிகளுக்கு எந்த இனத் தரநிலையிலும் இடமில்லை. அப்படிச் சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் வளர்ச்சி குன்றிய குட்டிகளாகவோ, உரிய வயதுக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவையாகவோ இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது வம்சாவளிக்கான சான்றே தவிர உடல்நலத்துக்கான சான்று அல்ல.

குட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதைவிடத் தரையில் விட்டு ஓடவைத்துப் பார்ப்பது முக்கியம். நான்கைந்து அடிக்கு ஒருமுறை பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நொண்டிவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால், முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து விலகிவிலகித் திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். சிறிய இனங்கள் பலவற்றிலும் காணப்படும் குறை இது. மருத்துவர் குட்டியின் காலை லேசாக நீட்டி, பெருவிரலால் அந்தச் சில்லைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தே எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் எடையைக் கட்டுக்குள் வைத்தாலே பெரும்பாலும் போதும். மூன்றாவது, நான்காவது நிலைகளில் அறுவை சிகிச்சை வரை போக நேரும்.

காது வெட்டியதும் வால் வெட்டியதும்தான் அசல் மின்பின் என்பார்கள். அது அழகுக்காகச் செய்யும் வதை. இந்த இனம் பிறந்த ஜெர்மனியிலேயே இரண்டும் தடை செய்யப்பட்டுவிட்டன. மடிந்த காதும் நீண்ட வாலும் உள்ள மின்பின் எந்த வகையிலும் குறைந்ததல்ல; வெட்டாத குட்டியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முன்னங்கால்: முதல் ஆண்டின் பெருங்கவலை

மின்பின்னின் முன்னங்கால் எலும்பு நம் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் தசையும் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே அங்கே முறிந்தால் எலும்பு எளிதில் ஒன்றுசேராது. வெறும் கட்டுப் போட்டால் பல நேரங்களில் எலும்பு சேராமலோ கோணலாகவோ நின்றுவிடுவதால், தகடு வைத்துத் திருகாணி பொருத்தும் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் தேவைப்படும்.

மிளகுக்கு ஐந்து மாதம் ஆனபோது, உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி அவனைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கீரைக்காரரின் குரல் கேட்டதும் அவன் அவள் கையிலிருந்து பாய்ந்தான். இரண்டடி உயரம்கூட இல்லை. கீழே வழவழப்பான டைல்ஸ் தரை. 'வீல்' என்ற ஓர் அலறல், பிறகு வலது முன்னங்காலைக் காற்றில் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றான். முதலில் காட்டிய இடத்தில் வெறும் சுளுக்கு என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்த பிறகே முறிவு தெரிந்தது. சின்ன இன நாய் உயரத்திலிருந்து விழுந்து காலை ஊன்றாமல் நின்றால், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

நாங்கள் அதன் பிறகு செய்தவற்றை நீங்கள் முதலிலேயே செய்துவிடலாம். நாய் ஓடும் வழியெல்லாம் வழுக்காத விரிப்புப் போடுங்கள். எங்கள் கூடத்தில் பழைய ஜமக்காளத்தை விரித்து, நகராமலிருக்க அடியில் ரப்பர் வலை வைத்திருக்கிறோம். சோபாவுக்கும் கட்டிலுக்கும் அருகே சாய்தளமோ தாழ்வான படியோ வையுங்கள். குட்டிப் பருவத்தில், அதாவது எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடும் பத்துப் பன்னிரண்டு மாதம் வரை, உயரத்திலிருந்து குதிக்கவிட வேண்டாம். குழந்தைகளுக்கு ஒரே ஒரு விதி போதும்: நாயோடு விளையாட வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் இருக்க வேண்டும். முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவது, அதைப் பார்ப்பவர்களுக்கே வலிக்க வேண்டிய செயல்.

ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள் விழாமலே பின்னங்கால் நொண்டத் தொடங்கி, அந்தத் தொடை மட்டும் மெலிந்துகொண்டே வந்தால் அது வேறு விஷயம். இரத்தம் போகாமல் தொடை எலும்பின் தலைப்பகுதி சிதையும் லெக்–பெர்த்தஸ் என்ற நோய் சிறிய இனங்களில் அந்த வயதில்தான் வெளிப்படும். சிதைந்த பகுதியை அறுவை சிகிச்சையில் நீக்கிவிட்டால், எடை குறைவான நாய்கள் என்பதால் பெரும்பாலும் நன்றாகவே நடந்துவிடும்.

ஓட்டமும் மோப்பமும்

வளர்ந்த மின்பின்னுக்கு ஒரு நாளில் மொத்தம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடையும் விளையாட்டும் வேண்டும். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை என்று பிரித்துக்கொள்ளலாம். கழுத்துப்பட்டையில் மட்டும் சங்கிலியைக் கோக்காதீர்கள். இதன் தலை ஒடுங்கியது. பின்னால் இழுத்தால் பட்டை கழன்றுவிடும், முன்னால் இழுத்தால் மூச்சுக்குழல் நசுங்கும். மார்பைச் சுற்றிய ஹார்னஸ்தான் சரி. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வேலியில்லாத இடத்தில் எவ்வளவு பழகிய மின்பின்னையும் அவிழ்த்துவிடக் கூடாது. அணில் ஒன்று குறுக்கே ஓடினால் அதற்கு உங்கள் குரல் கேட்காது, சாலையும் தெரியாது. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியில் உங்கள் கை மணிக்கட்டுடன் நுழைந்தால் குட்டியின் தலையும் நுழையும் என்று கொள்ளுங்கள். வலை அடிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கால் களைத்தாலும் மூளை களைக்காவிட்டால் இது அடங்காது. நடக்க முடியாத மழை நாள்களில் நாங்கள் செய்வது கொட்டாங்குச்சி விளையாட்டு. மூன்று கொட்டாங்குச்சிகளின் விளிம்பைச் சொரசொரப்பு நீங்கத் தேய்த்து, தரையில் கவிழ்த்து வைத்து, ஒன்றின் அடியில் மட்டும் பொட்டுக்கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டை வைக்க வேண்டும். முதல் நாள் மிளகு மூன்றையும் புரட்டித் தள்ளினான். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றின் மேலும் மூக்கை வைத்து நிதானித்து, சரியானதை மட்டும் முன்னங்காலால் தட்டக் கற்றுக்கொண்டான். பத்து நிமிடம் இப்படி மோப்பம் பிடித்துவிட்டு, அரை மணி நேரம் ஓடியதைப் போலக் களைத்துத் தூங்குகிறான். விளையாட்டு முடிந்ததும் கொட்டாங்குச்சியை எடுத்துவிடுங்கள்; கடித்து உடைத்தால் சில்லு தொண்டையில் குத்தும். பழைய துண்டை விரித்து, நடுவே உலர் தீனியைத் தூவி, இறுகச் சுருட்டிக் கொடுப்பதும் நல்ல விளையாட்டுதான்.

குரைப்பைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். காவலுக்குக் குரைப்பது இதன் இயல்பு. அதட்டினால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றே அது எடுத்துக்கொள்கிறது. அழைப்பு மணி அடித்தால் ஓடிப் போய்த் தன் பாயில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஒரு துண்டு கிடைக்கும் என்று பழக்குங்கள். ஒருவர் வெளியே நின்று மணியை அடிக்க, இன்னொருவர் உள்ளே பாயைக் காட்ட, நாளுக்குப் பத்து முறை என மூன்று வாரம் பொறுமையாகச் செய்தால் பலன் தெரியும். பெரிய நாய் உறுமினால் உடனே திருத்துகிறோம், சின்ன நாய் உறுமினால் சிரிக்கிறோம். மின்பின்னின் கெட்ட பழக்கங்களில் பெரும்பாலானவை அந்தச் சிரிப்பில்தான் தொடங்குகின்றன.

எவ்வளவு உணவு

நாலரைக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த மின்பின்னுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 முதல் 350 கலோரி போதும். பெரும்பாலான உலர் தீனிகள் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி தருபவை. ஆகவே நாள் முழுவதற்கும் 80 முதல் 90 கிராம்தான் கணக்கு. கண்ணளவில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு மேரி பிஸ்கட்டில் 25 கலோரி அளவுக்கு இருக்கும். காலைக் காப்பியோடு தாத்தா இரண்டு, மாலையில் பேத்தி இரண்டு என்று கொடுத்தால், ஒரு நாள் உணவில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு பிஸ்கட்டாகவே போய்விடும். அரைக் கிலோ கூடினால் நமக்குத் தெரியாது. அதன் முழங்காலுக்குத் தெரியும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நாய்க்கு வழக்கமாகப் போடுவது தயிர்சாதம். வயிறு சரியில்லாத நாளுக்கு அது நல்லது, ஆனால் அதையே தினமும் கொடுத்தால் புரதம் போதாது. வீட்டுச் சாப்பாடுதான் கொடுக்க வேண்டும் என்றால், எலும்பு நீக்கி வேகவைத்த கோழி அல்லது முட்டை, சிறிது சோறு, பூசணி அல்லது கேரட் என்று அமைத்து, கால்சியத்தையும் மற்றச் சத்துகளையும் எந்த அளவில் சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை சேர்த்த இனிப்புகள் ஆகியவை எந்த நாய்க்கும் ஆகாதவை. நான்கு கிலோ உடலில் மிகச் சிறிய அளவே கேடு செய்துவிடும். குழம்பில் பிசைந்த சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். பூஜை அறைக் கற்பூரத்தையும் பீரோவில் போடும் பாச்சை உருண்டையையும்கூட எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்று நான்கு மாதம் வரை குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை உணவு தர வேண்டும். இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு இல்லாததால், ஒரு வேளை தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கி, குட்டி தள்ளாடி, நடுங்கிச் சோர்ந்துவிடலாம். அப்போது ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எலி பிடிக்கும் நாய்க்கு எலியால் வரும் ஆபத்து

பொதுவான வளர்ப்புக் குறிப்புகளில் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை. மின்பின் எலியைக் கண்டால் விடாது. எலியின் சிறுநீரில் பரவும் எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாயிடமிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். ஆண்டுத் தடுப்பூசியில் அந்தக் காய்ச்சலின் கிருமியான லெப்டோஸ்பைராவுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரை நக்கவிடாதீர்கள்.

இன்னொன்று எலிமருந்து. குடியிருப்புகளில் வைக்கும் எலிமருந்துகளில் ஒரு வகை, இரத்தம் உறையாமல் செய்வது. அதை நேரடியாகத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் வரை நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கும். அதன் பிறகே ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். தின்றதைப் பார்த்தாலோ சந்தேகித்தாலோ, நாய் நலமாக இருக்கிறதே என்று பொறுக்காமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு அந்த மணியிலேயே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வகைக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து. வாரக் கணக்கில் தர வேண்டியிருக்கும். வேறு வகை எலிமருந்துகளுக்கு மருத்துவம் வேறு என்பதால்தான் உறை முக்கியம். குடியிருப்புச் சங்கத்திடம் எங்கே, எப்போது, எந்த மருந்து வைக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த இரவுகளில் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்ற வேண்டாம்.

உண்ணி

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் உண்ணிக்கு ஆண்டு முழுவதும் காலம்தான். அவற்றின் வழியே வரும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளின் நோய்களையே உண்ணிக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்கிறோம். உணவில் விருப்பம் குறைவது, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் இரத்தம் கசிவது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது ஆகியவை அடையாளங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவுசெய்ய முடியாது. வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

குட்டை முடியின் பெரிய வசதி, உண்ணியை விரலாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது. மாலை நடை முடிந்ததும் மிளகைக் காலிடுக்கில் மல்லாத்தி, காதின் உள்மடிப்பு, காதோரம், கழுத்துப்பட்டை பதியும் இடம், அக்குள், கால்விரல்களின் இடுக்கு, வாலின் அடி என்று ஒரே வரிசையில் தடவிப் பார்ப்பேன். கடுகளவு மேடு தட்டுப்பட்டால், சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது போன்ற பழைய வழிகள் நாயின் தோலைத்தான் புண்ணாக்கும். விரலால் நசுக்கவும் கூடாது. ஒரு மாதமோ மூன்று மாதமோ பாதுகாப்புத் தரும் மெல்லும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டை விட்டுவிடுவதில் பயனில்லை. உண்ணி சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும்தான் முட்டையிடுகிறது.

முடி, நகம், பல்

முடிக்கு அதிகம் செய்ய வேண்டியதில்லை. வாரம் இருமுறை ரப்பர் கையுறைச் சீப்பால் தேய்த்தால் உதிரும் முடி அதிலேயே வந்துவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாய்க்கான ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினால் போதும். நமக்கான சோப்பு அதன் தோலை வறளச்செய்து அரிப்பை உண்டாக்கும். இடையில் அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம்.

நகம்தான் பாடு. டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். நீண்ட நகம் விரலை மேல்நோக்கித் தள்ளி நடையையே கெடுக்கும். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் இரத்தக்குழாய் தெரியாது என்பதால், ஒரே வெட்டாக வெட்டாமல் அரிசி அளவுக்கு நுனியை மட்டும் வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவே சாம்பல் அல்லது கருமையான ஈரப் புள்ளி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். தவறி இரத்தம் வந்தால் சோள மாவை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மிளகு முதல் மூன்று மாதம் கத்தரியைக் கண்டாலே அலமாரிக்குப் பின்னால் போய்விடுவான். ஒரு நாளைக்கு ஒரு நகம், அதற்கு ஒரு துண்டு முட்டை என்று தொடங்கிய பிறகுதான் வழிக்கு வந்தான்.

வளர்ந்த நாய்க்கு, அது எந்த இனமானாலும், 42 பற்கள். மின்பின்னின் சிறு தாடையில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் காரை சீக்கிரம் படியும். நான்கு முதல் ஏழு மாதத்துக்குள் பால்பல் விழாமல், பக்கத்திலேயே நிரந்தரப் பல் முளைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். குட்டியிலிருந்தே விரலில் மாட்டும் தூரிகையால் பல் தேய்த்துப் பழக்குங்கள். நம் பற்பசை வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கிவிடும்.

வெயிலும் குளிரும்

உடலில் கொழுப்பும் குறைவு, முடியும் குறைவு என்பதால் இரண்டு பக்கமும் தாங்காத நாய் இது. கத்திரி வெயில் காலத்தில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நாய் மூச்சிரைத்தே தன் சூட்டைத் தணிக்கிறது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடப்பதில்லை. நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால், சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடலை நனைத்து, மின்விசிறியின் கீழ் கிடத்தி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மார்கழியில் சென்னையிலேயே மிளகு நடுங்குவான். ஏசி அறையில் அவனுக்குப் போர்வையால் மூடிய ஒரு குகைப் படுக்கை உண்டு. இந்த இனத்துக்கு உள்ளே நுழைந்து சுருண்டுகொள்ளப் பிடிக்கும். படுக்கையில் உட்காரும் முன் போர்வையைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வசிப்பவர்கள் கம்பளிச் சட்டை போடாமல் அதிகாலையில் வெளியே கொண்டுபோகக் கூடாது.

தடுப்பூசி, உரிமம், தீபாவளி

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் உள்ளிட்ட தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும்; மூன்று மாதத்தில் ரேபிஸ், பிறகு ஆண்டுதோறும். முதல் வரிசை முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம், ஏனெனில் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காமல், கையில் ஏந்தியபடி பேருந்துச் சத்தத்தையும் காய்கறி வண்டியையும் காட்டுங்கள். அந்த வாரங்களில் பார்க்காததற்கெல்லாம் பின்னாளில் குரைக்கும். குடற்புழு மருந்து குட்டிக்கு அடிக்கடியும், வளர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் தேவை. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் பெற வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்திலேயே, வெடிச்சத்தத்துக்கு மிகவும் மிரளும் நாயாக இருந்தால் மருத்துவரிடம் பேசி மருந்து வாங்கி வையுங்கள். அன்றைய நடையை விடியும் முன்பே முடித்து, சன்னல் மூடிய உள்ளறையில் விசிறி ஓடவிட்டு அதன் படுக்கையோடு இருக்கவிடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள வில்லை கழுத்தில் இருக்கட்டும்.

எட்டு வயதுக்குப் பிறகு

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 15 ஆண்டு வரை வாழும் இனம் இது. எட்டு வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்புச் சோதனையும் செய்துகொள்வது நல்லது. இரவில் வரட்டு இருமல் வந்தால் அதைத் தொண்டைக் கரகரப்பு என்று விட்டுவிடாதீர்கள். விழித்திரை மெல்ல நலியும் நோய் இந்த இனத்தில் உண்டு. முதலில் இருட்டில்தான் பார்வை மங்கும். மாடிப்படியில் தயங்குவதை வைத்தே மிளகுக்கு அது தொடங்கியிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. இப்போது கூடத்தில் எந்த நாற்காலியையும் இடம் மாற்றுவதில்லை, தண்ணீர்க் கிண்ணம் அதே மூலையில், கட்டிலின் சாய்தளம் அதே பக்கத்தில், இரவில் படியருகே ஒரு சிறு விளக்கு. கொட்டாங்குச்சி விளையாட்டுக்குக் கண் தேவைப்படுவதில்லை என்பதால் அதை மட்டும் முன்பைப் போலவே ஆடுகிறான்.